பனித்தொப்பி வீட்டில் ஆள் இருக்கிறார்களா?

1

இந்தக் கதை எங்கே முளைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைக் குடைய வேண்டியிருக்காது.

ஒகுனுமா பேருந்து நிறுத்தத்தை ஒட்டி சுற்றுலாச் சங்கத்தின் தகவல் அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவள் நான். கணவரின் ஊர் என்று வந்தேன், பல குளிர்காலங்கள் போய்விட்டன, இனி எங்கேயும் போவதாக இல்லை. இங்கே வருகிறவர்கள் வழக்கமாக மூன்று இடங்களைக் கேட்பார்கள்: கழிப்பறை, வெந்நீர் ஊற்று, பனித்தொப்பி வீடு. போன பிப்ரவரியில் ஒரு பெண் வேறு மாதிரி கேட்டாள்.

"அந்தப் பனித்தொப்பி வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்களே. கினுயோன்னு ஒரு அம்மா. அங்கேயே தங்கலாம். சாப்பாடும் நல்லா இருக்கும்."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. ஆளில்லாத வீடு என்று நினைத்து ஆசையாக வந்திருக்கிறாள். உள்ளே ஒருத்தி குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றதும் பாதி அழகு போய்விட்டது போல. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல்தான் இந்தக் கதை. எரிச்சலோடு கதை எழுத உட்காரக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

2

தொடக்கங்கள்:

'பனி பெய்துகொண்டிருந்தது.'

(வேண்டாம். ஜனவரியில் இங்கே இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மதுரையில் மே மாதம் 'வெயில் அடித்துக்கொண்டிருந்தது' என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் எப்படிப் பார்ப்பீர்கள்?)

'மலைகளின் மடியில், வெள்ளைப் போர்வைக்குள் உறங்கும் ஓர்—'

(இது சங்கத்தின் துண்டுப் பிரசுரத்துக்காக நான் எழுதியது. பழக்கதோஷம். இங்கே யாரும் உறங்கவில்லை. எல்லோரும் பனி வழித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

'கினுயோ அன்று காலை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல உள்ளே போனாள்.'

இது இருக்கட்டும்.

3

கினுயோ அன்று காலை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல உள்ளே போனாள். புல் வேய்ந்த கூரையின் மேல் பனி ஒரு தொப்பி போல ஆள் உயரத்தைத் தாண்டி ஏறியிருந்தது. விளிம்பில் பிதுங்கி வளைந்து, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் வழித்துவிடப்பட்டு மொட்டையாக இருந்தன. வேறு வருஷமாக இருந்தால் இதற்குள் அவளும் ஏணி போட்டு ஏறி, வெட்டித் தள்ளிவிட்டு, முதுகுக்கு மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு படுத்திருப்பாள்.

இந்த வருஷம் கை வைக்கவில்லை. எப்போதோ யாரோ எடுத்த படம் ஒன்று இணையத்தில் ஓடியதிலிருந்து அந்த வீட்டுக்கு ஆள் வருகிறது. கூரையில் பனி இருக்கும்வரைதான் வருகிறது. போன வருஷம் வழித்த மறுநாளே, முன்பதிவு செய்தவர்கள் அறைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? மகன் தகனோபு சென்டாய் நகரத்தில் இருக்கிறான். கணவர் போன பிறகு அம்மா தனியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டு, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். விருந்தாளிகள் வருகிற வரையில் அவள் இங்கே இருக்கலாம். அறைகள் காலியாகக் கிடக்கும் வருஷம் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போய்விட வேண்டும். ஏழாவது மாடியில் இருக்கும் அவன் வீட்டில் அவள் ஒருமுறை கொஞ்ச நாள் தங்கியிருக்கிறாள். 'வசதியா இருக்கா அம்மா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அதற்குப் பதில் சொல்வதைத் தவிர அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆகவே, பனியை விட்டுவைத்தால் வீடு விழலாம். வழித்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். இதுதான் அவள் நிலைமை.

(இந்த இடத்தில் அவள் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தேன். கினுயோவுக்குத் தமிழ் தெரியாது, அதனால் வாயால் மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் எங்கடி அழுதேன்? வெங்காயம் நறுக்கினப்பவா?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

புமியோ என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சுற்றுலாச் சங்கத் தலைவர், கினுயோவோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர், எனக்கு மேலதிகாரி. (அதனால்தான் 'அவர்'.) முதல் வரைவில் அவரைப் பேராசைக்காரராக எழுதினேன். எழுத எழுதக் கை கூசியது. காலையில் எழுந்ததும் பனி தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து கினுயோ வீட்டு வாசலைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அவர் தன் வாசலுக்கே போகிறார். கெட்டவனுக்கு இந்த வேலை எதற்கு? ஆள் வராவிட்டால் பேருந்தை நிறுத்திவிடுவார்கள், பேருந்து நின்றால் ஊரில் மிச்சமிருப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்ற கவலை அவருக்கு. அவரை இருக்கிறபடியே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூரையைத் தொடாதே, கினுயோ. ஒரு பஸ் நிறைய வர்றாங்க. போஸ்டர்ல உன் வீட்டைத்தான் போட்டிருக்கேன்."

"பஸ் வர்ற நாள் கூரைக்குத் தெரியுமா?"

"கதவு என்ன சொல்லுது?"

இந்தக் கேள்வி உங்களுக்கு விளங்காது. கூரைமேல் எவ்வளவு பாரம் என்று இங்கே யாரும் அளந்து பார்ப்பதில்லை. பனி ஏற ஏற உத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உத்திரம் இறங்கினால் அதற்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் இழுகதவு இறுகிக்கொள்ளும். கதவு முரண்டு பிடிக்கிற அன்றைக்கு ஏணியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கினுயோ எழுந்து போய் விருந்தாளி அறைக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் ஓடி மறுமுனையில் போய் நின்றது.

"பாத்தியா? உன் மாமனார் கட்டின வீடு. அசையாது."

"இது மாமனாரோட அப்பா கட்டினது. மாமனார் கட்டினது கோழிக்கூண்டு. அது எப்பவோ விழுந்துடுச்சு."

புமியோ சிரித்துக்கொண்டே தேநீரை வாங்கிக் குடித்தார். கினுயோவுக்கும் மனசு லேசாயிற்று. கதவே சொல்லிவிட்டது, பிறகென்ன? வெள்ளி, சனி இரண்டு நாளும் பனி விடாமல் கொட்டியது. அவள் அவ்வப்போது அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

5

ஞாயிறு காலை. விருந்தாளி அறையில் ஒசாகாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் தங்கியிருந்தார். கினுயோ சோறும் மிசோ சூப்பும் முள்ளங்கி ஊறுகாயும் வைத்த தட்டோடு வந்தபோது அவரே உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டார்.

"இப்ப எவ்வளவு லேசா போகுதுங்க. இலையுதிர்காலத்துல வந்தப்ப ரெண்டு கையாலயும் இழுத்தேன். அதை இணையத்துல வேற எழுதித் தொலைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சேச்சே, இதுல என்ன இருக்கு. நீங்க எழுதினதைப் பாத்துட்டுத்தான் ஆசாரியைக் கூப்பிட்டு, கதவோட மேல் விளிம்பை நல்லா இழைச்சு விடச் சொன்—"

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இப்படி ஒரு தவறை எங்கள் பக்கத்தில்தான் செய்ய முடியும். மற்ற ஊர்களில் கதவு வெறும் கதவு. அக்டோபரில் கூரையில் பனி கிடையாது, மனசு முழுக்க விருந்தாளி நினைப்பு. இழைத்துவிட்ட கதவு குளிர்காலத்தில் வாயைத் திறக்காது என்று கினுயோவுக்கும் தோன்றவில்லை, ஆசாரிக்கும் தோன்றவில்லை. இளக்காரமாகச் சிரிக்காதீர்கள். நானும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்து 'நல்லா இருக்கு' என்றுதான் சொன்னேன்.

6

கினுயோ தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே விதைநெல் வைக்கும் உள்ளறை இருக்கிறது. வசந்தம் வரும்வரை அதைத் திறப்பதில்லை. விருந்தாளிகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள், அதனால் அந்தக் கதவை ஆசாரியும் தொடவில்லை.

இழுத்தாள். வரவில்லை. தூணில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். சுவரை இழுப்பது போல இருந்தது. அப்போது மேலே உத்திரத்தில், யாரோ சொடக்கு எடுத்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து ஒசாகா அம்மாளிடம், "தட்டை எடுத்துக்கிட்டு எதிர்ல சங்க ஆபீஸ்ல உக்காந்து சாப்பிடுங்க. பதட்டப்பட ஒண்ணுமில்ல, ஆனா இப்பவே போங்க," என்றாள். அந்த அம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு பனியில் நடந்து என் அறைக்கு வந்தார். சூப் சிந்தவில்லை.

புமியோ ஓடி வருவதற்குள் கினுயோ ஏணியைச் சாத்தியிருந்தாள்.

"என்ன பண்ற?"

"பாத்தா தெரியலையா?"

"பஸ் பாலத்தைத் தாண்டிடுச்சு, கினுயோ. வந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறம் நானே ஏறி வழிச்சுத் தர்றேன்."

"முட்டி மடங்கலைன்னு கோயில் படியே ஏறாத ஆளு, கூரை ஏறப் போறாரு."

"கொஞ்ச நேரந்தான் கேக்கறேன்."

"உள்ளறைக் கதவு வரல."

புமியோ, "அன்னிக்கு லேசா போச்சே," என்றார்.

"அது இழைச்ச கதவு. நீயும் நானும் சரியான மரமண்டைங்க."

அவர் மேலே பார்த்தார். சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து அவள் இடுப்பில் கட்டினார். "இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சங்கத் தலைவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, போஸ்டரில் இருந்த வீட்டின்மேல் கினுயோ ஏறினாள்.

மேலே நின்றபோது அவளுக்குப் பயமாக இருந்தது. சறுக்கி விழுவதைப் பற்றி அல்ல. இதை வெட்டித் தள்ளிவிட்டால் இதுவும் தெருவில் இன்னொரு மொட்டை வீடு. வசந்தத்தில் மகன் போன் செய்வான். நல்ல பையன், அன்பாகத்தான் கூப்பிடுவான். அதுதான் அவளுக்குப் பயம்.

7

முடிவுக்கு இப்படியெல்லாம் முயன்றேன்.

கினுயோ வழிப்பதைப் பார்த்துப் பேருந்தில் வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். ஆளுக்கொரு பனி தள்ளும் பலகையை வாங்கிக்கொண்டு உதவுகிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பனி வழிப்பதே ஊரின் பெரிய காட்சியாகிவிடுகிறது, அறைகள் நிரம்பி வழிகின்றன. (புமியோவிடம் சொன்னேன். ரொம்ப நல்லாயிருக்கு, பிரசுரத்தில் போடலாம் என்றார். அப்போதே இது தேறாது என்று தெரிந்துவிட்டது.)

'நடு உத்திரம் முறிந்து'

(இத்தோடு நிறுத்திவிட்டேன். அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு வந்து, என் மேசையில் அவள் உத்திரத்தை முறிக்க எனக்கு மனசு வரவில்லை.)

வீடு தப்பித்தது, ஆள் வரவில்லை, அவள் சென்டாய்க்குப் போனாள். ஏழாவது மாடி ஜன்னலருகே உட்கார்ந்து, வசதியாக இருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது நடக்கக்கூடியதுதான். அதனாலேயே இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

8

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி விஷயம் ஒன்றே ஒன்று. கூரையில் நிற்கிறவர் முதல் வெட்டு வெட்டுவதற்கு முன்பு, கீழே இருப்பவர்களை விலகச் சொல்ல வேண்டும். எல்லோரும் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். விளிம்பில் ஒரு பலகை அளவு பனி போனால் மொத்தமும் சரிந்து இறங்கும், அடியில் ஆள் நின்றால் அவ்வளவுதான். எவ்வளவு அவசரமானாலும் எங்கள் ஊரில் யாரும் இதை மீறுவதில்லை.

பேருந்து வந்துவிட்டது. எல்லோரும் இறங்கி, கேமராவும் கையுமாகக் கூரை விளிம்புக்கு அடியில் போய் நிற்கிறார்கள். "கீழ விலகுங்க" என்று கினுயோ குரல் கொடுக்கிறாள். புமியோ ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எல்லோரையும் விரட்டுகிறார். ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரை நான் கற்பனையில் படைக்கவில்லை. இவ்வளவு பக்கமும் அந்த வீட்டைப் பார்க்கத்தானே என்னோடு நடந்து வந்தீர்கள்? மேலே நல்ல வெள்ளை, நடுவில் பலகையோடு ஒரு பெண், இன்னும் யாரும் தொடாத பனி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எல்லாம் அழகாகத் தெரியும். அவள் இப்படி நிற்பது இன்னும் சற்று நேரம் நீடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் அங்கே நிற்கும்வரை அவளால் வெட்ட முடியாது. அவளுக்குக் கீழே உத்திரம் இன்னொரு சொடக்கு எடுக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன், இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள். உங்களைத்தான்.