மச்சான் போட்ட கோடு

1

பதினொரு நிமிடம் என்ன விலை போகும்? வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன் நான். எதைக் காட்டினாலும் வாய் ஒரு விலை சொல்லிவிடும். கூரையைப் பிய்த்தெறியும் சுழற்காற்று வருவது அவ்வளவு முன்கூட்டியே தெரியுமென்றால் வீட்டையும் நகைநட்டையும் தரலாம், கொசுறாக என் கதைகள் அத்தனையையும் தரலாம். என் மச்சான் அதை ஊருக்கே இனாமாகக் கொடுக்கிறார். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வானிலை மையத்தில் ரேடாரைப் பார்த்து, காற்று போகும் பாதையை வரைபடத்தில் கட்டம் கட்டுவது அவர் வேலை. கட்டத்துக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் எச்சரிக்கை வந்து அலறும்.

"எங்கண்ணன் ஒரு கோடு போட்டா ஊரே படிக்குது. நீங்க எழுதினா நான் மட்டும்தான் படிக்கிறேன்" என்றாள் மனைவி ஒருநாள். "அதுவும் பாதி."

2

முதல் வரிகள்:

வானம் கறுத்தது. (எல்லார் கதையிலும் கறுக்கிறது. தள்ளுபடி.)

அந்த வரைபடக்காரனுக்குத் திமிர் தலைக்கேறி (பின்னால் மனைவி வந்து நின்றாள். நிறுத்திவிட்டேன்.)

என் திட்டம் எளிது. கதையில் வரைபடக்காரர் கோடு போடுவார். காற்று கோட்டைத் தாண்டும். வெளியே இருக்கும் அவருடைய தங்கை வீடு போகும். மனிதரைக் காகிதத்திலாவது ஒருமுறை சறுக்கவைத்துப் பார்க்க ஆசை.

விவரம் பொறுக்க அவர் அலுவலகத்துக்கே போனேன். திரையில் ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போவது சிவப்பு. இரண்டும் ஒட்டி நின்றால் அங்கே சுழல்கிறது என்று அர்த்தமாம்.* கட்டம் ஆரம்பத்தில் குறுகி, போகப்போக விரிந்தது. தூரம் கூடினால் சந்தேகமும் கூடும் என்றார். மாவட்டத்தையே வளைத்துப் போட்டுவிட்டால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்களே என்று யோசனை சொன்னேன்.

"சும்மா சும்மா எழுப்பினா, நெஜமா வர்ற அன்னிக்கு ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க, மாப்ளே."

அதிலும் அவரே ஜெயித்தார்.

* ரேடாரின் பார்வை தூரம் போகப்போக மேலே ஏறிவிடும். தரையருகே நடப்பது தெரியாது. மச்சானே ஒப்புக்கொண்டார். அடக்கத்திலும் மனிதரோடு போட்டி போட முடியவில்லை.

3

வரைவை மனைவிக்கு வாசித்தேன். தங்கை போனைப் பார்க்கிறாள். தன் வீடு கோட்டுக்கு ஒரு தெரு வெளியே. நிம்மதியாகத் துணி மடிக்கிறாள்.

"அவ ஏன் துணி மடிக்கணும்? கோடு காத்துக்குத் தெரியுமா? நானா இருந்தா ஜன்னல் இல்லாத ரூம்ல போய் உட்காருவேன். கோட்டை ஒட்டி இருந்தாலும் உள்ள இருக்கிற மாதிரிதான்னு அண்ணன் சொல்லியிருக்கார்."

மச்சான் சறுக்கும் கதையிலும் மச்சானே காப்பாற்றுகிறார். பேனாவை மூடினேன். அப்போது கேட்டாள்:

"அது சரி, இதுல அவ புருஷன் எங்க?"

அண்ணனையே முறைத்துக்கொண்டிருந்ததில் அவனை எழுத மறந்திருந்தேன்.

4

மறுவாரம் ஒரு மாலை. புருஷனை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் போன்கள் அலறின. எங்களுடையது அலறவில்லை.

வரைபடத்தைத் திறந்தால், மச்சானின் கோடு எங்களுக்கு ஒரு தெரு முன்னாலேயே நின்றிருந்தது. தங்கை வீடென்று தெரிந்தும் அவர் வளைக்கவில்லை. நானாக இருந்தால் தராசில் விரலை வைத்திருப்பேன். அந்த நேர்மைமேலும் பொறாமை வந்தது.

மனைவி தலைக்குமேல் கவிழ்த்துக்கொள்ள மெத்தையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்விட்டாள். நான் ஜன்னலில். தும்பிக்கைபோல் ஒன்று மேகத்திலிருந்து இறங்கித் தரையைத் துழாவியது. இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். தாண்டினால் மச்சான் தோற்பார். ஒரு கணம், தாண்டட்டும் என்று நான்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

"இடம் இருக்கு" என்றாள் உள்ளிருந்து. "வர்றீங்களா, இல்லையா?"

5

காற்று கோட்டைத் தாண்டியது என்று ஒரு முடிவு வைத்திருக்கிறேன். தாண்டவில்லை என்று இன்னொன்று. பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் புருஷன் கணக்கு ஒன்றுதான்.

வரவு: பாதி மெத்தை.

செலவு: ஜன்னலில் நின்ற நேரம்.

பாக்கி: குளியலறைக் கதவுவரை நடக்கவேண்டிய ஏழெட்டு அடி. என் பேரில்.