தீக்கு முன்னால் வந்த வண்டி

தையல்காரம்மாவின் வீட்டில் தீப்பிடிப்பதற்கு அரை நாள் முன்பே தீயணைப்பு வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. ஏன் வந்தோம் என்று அதை ஓட்டி வந்த டிரைவருக்கே தெரியவில்லை. டயருக்குக் காற்றடிக்க வண்டியை வெளியே எடுத்ததும் ஸ்டியரிங் தன் போக்கில் திரும்பிக்கொண்டது. பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் கேட்காமல், அந்த வாசலுக்கு வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள்.

"யாருங்க கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலம்மா."

"அப்புறம் எதுக்கு வழிய அடைச்சிக்கிட்டு நிக்கிறீங்க? துணி குடுக்க வர்றவங்க பறந்தா வருவாங்க?"

டிரைவர் அசடு வழிய வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பற்றிக்கொண்டது. தகவல் வந்து வண்டி மறுபடி போய்ச் சேர்வதற்குள் முன்னறையும் தையல் மெஷினும் யாரோ ஒரு மணப்பெண்ணின் துணிகளும் கரியாகிவிட்டன.

நகரசபைக் கூட்டத்தில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். வழக்கம்போல எல்லாம் எரிந்த பிறகுதான் வந்தார்கள் என்றது ஒரு கட்சி. அரை நாள் முன்னால் வந்ததை எந்தக் கணக்கில் தாமதம் என்கிறீர்கள் என்றது இன்னொன்று. வண்டி நிற்பதால் தீ வருகிறதா, தீ வரப்போவதால் வண்டி நிற்கிறதா என்று மருந்துக்கடைக்காரர் எழுந்து கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டிரைவர் எல்லார் ஏச்சையும் தாங்கிக்கொண்டார். தையல்காரம்மா மட்டும் ஏசவில்லை. வெளியே வரும்போது, "வந்ததுதான் வந்தீங்க, கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே" என்றாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த முறை வண்டி ரொட்டிக்கடைக்காரரின் வீட்டு முன்னால் நின்றபோது, அவர் வாய்க்கு வந்தபடி திட்டியும் டிரைவர் அசையவில்லை. ஆட்கள் குழாயை விரித்து வைத்துவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அடுப்படித் திரைச்சீலையில் நெருப்புப் பிடித்தது. சுவர் கறுப்பதற்கு முன்பே அணைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் நன்றி சொல்லவில்லை. தரையெல்லாம் தண்ணீர் என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் வண்டியைக் கண்டாலே ஜன்னல் சாத்திய தெருக்கள் உண்டு. ஒரு தெருக்காரர்கள் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு அதை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். வண்டி மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றது, அந்தப் பக்கம் ஒரு வீடு முழுசாக எரிந்து முடிந்தது. அதன் பிறகு யாரும் மரம் வெட்டவில்லை. வண்டி நின்றால் பீரோவை வெளியே எடுத்து வைக்கவும், வந்தவர்களுக்கு நாற்காலி போடவும் பழகிக்கொண்டார்கள். கூட்டங்களில் மட்டும், பீரோவை இறக்க அரை நாள் போதாது, முந்தின நாளே வந்தால் என்ன என்று மனு கொடுத்தார்கள்.

டிரைவர் ஓய்வு பெற இருந்த வருஷம், ஒரு முற்பகலில், வண்டி அவருக்கு நன்றாகத் தெரிந்த தெருவுக்குள் திரும்பியது. ஒவ்வொரு வாசலையும் அது கடக்கக் கடக்க அவர் மீதி வாசல்களை எண்ணிக்கொண்டே வந்தார். பிரேக்கைத் தொட்டுப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது.

"என்னங்க, இந்நேரத்துல? சாப்பிடவா?" என்று கேட்டபடி வந்த மனைவி, அவர் பின்னால் ஆட்கள் குழாயோடு இறங்குவதைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

"எந்த ரூமுங்க?"

"தெரியல."

அவள் ஒரு நிமிஷம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, சமைத்ததையெல்லாம் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வந்தாள். காது மந்தமான அவர் அப்பாவை நாற்காலியோடு தூக்கி எதிர் மரத்தடியில் வைத்தார்கள்.

"யார் வீட்டுலடா?" என்றார் பெரியவர்.

"நம்ம வீட்டுலதாம்ப்பா!"

"அப்படியா? என் மூக்குக் கண்ணாடிய எடுத்துட்டியா?"

எடுத்திருந்தார்கள். மரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மனைவி ஆட்களுக்குப் பரிமாறினாள். டிரைவருக்கு மட்டும் கேட்காமலே இரண்டாம் முறை வைத்தாள். படுக்கையறை ஜன்னலில் முதல் புகை தெரிந்தபோது அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.