கை தெரிய வேணும்

எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று நான் இரண்டு வருடம் வீட்டில் சண்டை பிடித்தேன். பற்றிக் என் புருஷன், தொழிலிலும் பங்காளி. கலியாண வீடுகளில் இரண்டாவது கமரா அவர் கையில்தான் இருக்கும். இருக்கிற லென்ஸ்களைத் துடைத்து வைக்கவே நேரம் இல்லை, இதற்குள் இன்னொன்றா என்பார். அவருக்கு என்ன விளங்கும்? இப்போது தன்னாமுனையில் இருந்து சித்தாண்டி வரைக்கும் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் ஆசை ஒன்றுதான். தன் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும், பின்னால் கிடக்கிற கதிரை, பந்தல், சோற்றுக் கிடாரம் எல்லாம் கரைந்துபோக வேண்டும். அதைச் செய்கிற லென்ஸ் அது. கடைசியில் என் வாய்க்குப் பயந்து ஓம் என்றார்.

லென்ஸ் வந்த அதே கிழமை உதயரூபனின் வட்ஸ்அப் வந்தது. ஏறாவூரில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். பத்து வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. அதற்கு முன்னமே எழுதப் படித்துவிட்டதால் தமிழ் நன்றாக எழுதுவான். அவன் கட்டப்போகிற கேதீஸ்வரி சித்தாண்டியில் சட்டை தைக்கிறவள். அவளுக்குப் பிறவியிலேயே கேட்காது.

கலியாண வீடியோ இல்லை அக்கா, அதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிட வீடியோ என்று எழுதியிருந்தான். விசயம் இதுதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேர, பெற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். கேதீஸ்வரியின் தாய் புஸ்பம் மாமி தனி மனுசி. உன்னிச்சையில் தன் வயல் வட்டைக்குப் பக்கத்தில் தகரம் போட்டு ஒரு அறை கட்டிவிட்டார். கலியாணம் முடிந்த கையோடு அங்கே போய்விடுவேன் என்று நிற்கிறார். கேதீஸ்வரிக்கு அது விருப்பம் இல்லை. இரண்டு தரம் கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுத்து அவளுடைய பாசை இல்லை, நாலு சொல்லுக்கு மேல் வராது. ‘அம்மா போக வேணாம்.’ தாய் வாசித்துவிட்டுச் சிரித்துக் கன்னத்தைத் தடவினாராம், அவ்வளவுதான். எல்லாப் பெண் பிள்ளைகளும் சொல்கிறதுதானே என்று நினைத்திருப்பார்.

அதனால் அவள் தன் கையால், தன் பாசையில், முழுதாகச் சொல்லப் போகிறாள். அவன் அதைத் தமிழில் எழுதித் தருவான், நான் படத்தின் கீழே போட வேண்டும். கலியாணத்துக்கு முன் மாமி அதைப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், ஐந்து நிமிடம் கையால் என்னத்தைக் கதைக்கிறது என்றுதான் நான் யோசித்தேன். வா, போ, சாப்பிடு, இதற்கு மேல் கையில் என்ன இருக்கிறது? அதைப் பார்க்கிற ஆசையிலேயே சித்தாண்டிக்குப் போனேன்.

புஸ்பம் மாமி அண்டா குண்டாவைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மகளோடு அவர் கதைக்கிறதைக் கவனித்தேன். வாய்க்குக் கை கொண்டுபோனால் சாப்பாடு, கன்னத்தில் வைத்தால் படுக்கை, விரலைத் தேய்த்தால் காசு. எண்ணினால் இருபது வராது. அதற்குள்ளேயே இரண்டு பேரும் ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறார்கள்.

கேதீஸ்வரியைத் தையல் மெசினுக்கு முன்னால் இருத்தி, புது லென்ஸைப் போட்டேன். அம்மாடி, அந்த முகம்! இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால் நூல்கட்டைகள் எல்லாம் நிறப் பொட்டுகளாகக் கரைந்துபோயின. அவள் சொல்லத் தொடங்கினாள். புருவம் ஏறி இறங்கியது, கண் நிறைந்தது, உதடு துடித்தது. நான் மூச்சு விடாமல் எடுத்தேன். மாமி குசினி வாசலில் நின்று முழுதையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடவா என்று என்னிடம் கேட்டார்.

அன்று பின்னேரமே உதயரூபனுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது இதுதான்: “படம் வடிவு அக்கா. கேதீஸ் என்ன சொன்னவ?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன் பாசையை நீ என்னிடம் கேட்கிறாயா என்று எழுதப் போய், ஏதோ நெருட, படத்தைத் திரும்பப் போட்டேன். சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. இடைக்கிடை ஒரு விரல் கீழே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கை முகத்துக்குக் கிட்ட வருகிற இடங்களில் நிறுத்திப் பார்த்தேன். விரல்கள் இல்லை, புகைதான் இருக்கிறது. ஒரு மனுசி வாய் திறந்து கதைக்க, வாயை மட்டும் வெட்டிவிட்டு நெற்றியை எடுத்திருக்கிறேன். பதினொரு வருடமாக இந்தத் தொழில். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஏறாவூர் கடைக்குப் போனேன். அவன் சிரித்தான். ஒரு சீனிப் போத்தலை மேசையில் வைத்து, தன் போனை அதில் சாய்த்து, இரண்டடி தள்ளிக் கதிரையில் இருந்து காட்டினான். தலை உச்சியில் இருந்து இடுப்பு வரைக்கும், இரண்டு பக்கமும் முழங்கை விரிக்க இடம். அவனும் அவளும் எட்டு மாசமாக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் கதைக்கிறார்கள். கை தெரியக் கமரா பிடிக்கிற விசயத்தில் அவர்கள்தான் என்னைவிடப் பழகினவர்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு எனக்கு ஒரு விசர் பிடித்துவிட்டது. எந்த லென்ஸில் கை எப்படித் தெரியும் என்று பார்த்தே தீர வேண்டும். அவன் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கையால் சொன்னான், நான் லென்ஸை மாற்றி மாற்றி எடுத்தேன். எடுத்ததை அவனே பார்த்து, விளங்குகிறது, விளங்கவில்லை என்று கடதாசியில் எழுதினான். புது லென்ஸில் இடுப்பு வரைக்கும் எடுக்கப் பின்னால் போய்ப் போய் றோட்டுக்கே வந்துவிட்டேன், ஓட்டோக்காரன் ஒருத்தன் ஏசிவிட்டுப் போனான். மண்டபம் முழுதும் எடுக்கிற அகல லென்ஸைப் போட்டால், கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் அது கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. முப்பத்தைந்து மில்லிமீற்றர்தான் பொருந்தியது.

அதோடு முடிந்ததா? லென்ஸின் வாயை, வெளிச்சம் புகுகிற துளையை, முழுதாகத் திறந்து வைத்தால், கை முன்னால் வந்ததும் கமரா முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடிக்கிறது. கை போனதும் முகத்தைத் தேடுகிறது. முகமும் வேண்டுமாம். புருவம் ஏறினால்தான் அது கேள்வி, இல்லாவிட்டால் வெறும் செய்தி என்று எழுதிக் காட்டினான். எனவே இரண்டும் ஒன்றாகத் தெளிய வாயைச் சுருக்கினேன். விரல் புகையாகாமல் இருக்க, ஷட்டரைச் செக்கனில் இருநூற்றில் ஒரு பங்காக்கினேன். விரல் வெட்டி வைத்த மாதிரித் தெளிந்தது, ஆனால் படம் இருண்டது. பல்பைப் போட்டால் படத்தில் வரிவரியாக நிழல் ஓடியது. அறைக்குள் சரிவராது, வெளியே மர நிழலில் பகல் வெளிச்சம்தான் என்று முடிவாயிற்று.

வாயை இவ்வளவு சுருக்கிய பிறகு விலை கூடின லென்ஸ் என்னத்துக்கு? கமராவோடு சும்மா வந்த பழைய சூம் லென்ஸை முப்பத்தைந்தில் நிறுத்தினாலே போதும். இதை மட்டும் நான் பற்றிக்கிடம் சொல்லவில்லை.

புறப்படும்போது அவன் இரண்டு விரலால் தன் புருவங்களுக்கு நடுவே கிள்ளிக் காட்டினான். என்ன என்று எழுதிக் கேட்டேன். அவர்கள் ஆட்களுக்குப் பெயர் இப்படித்தான் வைப்பார்களாம், இதுதான் என் பெயராம். நான் எந்த நேரமும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறேனாம். ஏச வாயெடுத்தேன், ஏசினால் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது?

சித்தாண்டிக்குத் திரும்பப் போனபோது கேதீஸ்வரி மாட்டேன் என்றுவிட்டாள். ஒருக்கா வயிற்றில் இருந்து வந்ததை இரண்டாம் தரம் சொன்னால் அது நடிப்பு என்று உதயரூபனுக்கு வீடியோவில் சொல்லி அனுப்பியிருந்தாள். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள், சாக்குகள் எல்லாம் கட்டி வாசலில் இருக்கின்றன. நான் எடுத்த முதல் படத்தை அவளுக்கே போட்டுக் காட்டினேன். அவள் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கடையில் கேட்டுப் படித்து வந்த ஒரே ஒரு சொல்லை, பிழை விட்டுவிட்டேன் என்பதை, நான் கையால் சொன்னேன். கோணலாகத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் விரலைப் பிடித்துத் திருத்தினாள்.

தைத்துக் கிடந்ததில் கோடும் பூவும் இல்லாத கடும்பச்சைச் சட்டை ஒன்றைப் போடச் சொன்னேன், அதில்தான் கை எடுப்பாகத் தெரியும். காப்புகளைக் கழற்றச் சொன்னேன், வெயிலில் மின்னிக் கண்ணைக் குத்தும். வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு, ட்ரைபொட்டை நெஞ்சு உயரத்தில் நிறுத்தினேன். அவள் தொடங்கினாள். முதல் தரம் அழுதவள் இந்தத் தரம் அழவில்லை. கை வேகமாகப் போனது. ஒரு சொல்லும் விளங்காமலே, இது ஆசை வார்த்தை இல்லை என்று எனக்கு விளங்கியது.

உதயரூபன் எழுதி அனுப்பியதை வாசித்தேன். கலியாணப் பெண் தாய்க்குச் சொல்கிற கதையா இது? கொஞ்சம் இதமாக மாற்றி எழுதித் தா தம்பி, மாமி பாவம் என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“கைய ஒருக்கா வெட்டினீங்க. இப்ப கதையையும் வெட்டப் போறீங்களா?”

பற்றிக்கிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, உள்ளபடி போடு என்றார். போட்டேன். மாமிக்குக் கண் பார்வை மட்டு என்பதால் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கினேன்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, காலையில் லப்டொப்பைத் தையல் மெசின் மேல் வைத்து மாமியை முன்னால் இருத்தினேன். கேதீஸ்வரி அவருக்குப் பின்னால் சுவரோடு நின்றாள். படம் ஓடியது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“அம்மா, போக வேணாம் எண்டு எழுதினா சிரிக்கிறீங்க. எனக்கு முப்பத்திரண்டு வயசு. இந்த வீட்டில நாம சாப்பாட்டையும் சட்டையையும் மட்டும்தான் கதைச்சிருக்கிறம். அப்பா என்ன வருத்தம் வந்து செத்தார் எண்டு எனக்கு நீங்க சொல்லல்ல. சட்டை தைக்க வந்த பொம்பிளை ஒருத்திதான் நாலு மாசத்துக்குப் பிறகு எழுதிக் காட்டினா. உதயன் எட்டு மாசத்தில தெரிஞ்சுகொண்ட என்னை உங்களுக்குத் தெரியா. பாவம் பாத்து நிக்கச் சொல்லல்ல. எனக்குக் கோவம். இவ்வளவு நாளும் என்ர பாசையப் படிக்கல்லையே எண்டு கோவம். நில்லுங்க. நிண்டு படியுங்க. நான் படிப்பிப்பன்.”

படம் முடிந்தது. மாமி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். எனக்கு எழும்பி ஓடினால் போதும் என்றிருந்தது. கேதீஸ்வரி சுவரை விட்டு அசையவில்லை.

“மறுகா ஒருக்கா போடு புள்ள” என்றார் மாமி.

போட்டேன். இந்தத் தரம் அவர் வாசிக்கவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்தார். முடிந்ததும் இன்னொருக்கா என்றார். மூன்றாம் தரம் பார்க்கும்போது மடியில் கிடந்த கை மெல்ல எழும்பியது. ஒரு விரல் மடிந்தது, பிழையாக மடிந்தது போல, நிமிர்ந்து திரும்ப மடிந்தது. திரையில் மகளின் கை இடுப்புப் பக்கம் இறங்கியபோது மாமி கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த எழுத்த எடுத்துவிடு புள்ள. அவட கை மறையுது.”