பூவாயியின் எடை

முப்பத்திரண்டு கிலோ. தராசில் நின்ற பூவாயியை இறக்கிவிட்டு அப்பாண்டைநாதன் தானே ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு. காலையில் அரிசி மண்டித் தராசிலும் அதே ஐம்பத்தெட்டுதான். ஆக, தராசு பொய் சொல்லவில்லை. அப்படியானால் இந்த ஏழு மாதத்தில் பெண்கள் வார்டில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் ஏன் இளைத்தார்கள்? விருத்தாம்பாள் போன மாதம் செத்தே போனாள். பூவாயி இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த காய்ச்சலைத் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செஞ்சியில் ஓர் அறக்கட்டளை நடத்திய மனநோயாளர் விடுதி அது. மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்து எழுதிவைக்கும் பார்வையாளர் அப்பாண்டைநாதன். ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். எதையும் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்பியவர். சோற்றையும் அப்படித்தான் பார்த்தார். அரிசியைக் கண்ணெதிரே அளந்து போட்டார்கள். பருக்கையை நசுக்கினார், வெந்திருந்தது. சமையல்காரி ராஜாம்பாள் ஒரு கரண்டிகூடக் குறைக்கவில்லை. வயிற்றில் பூச்சியில்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லியாயிற்று. பின்னே போட்ட சோறு எங்கே போகிறது?

மணி நாலரை. இரவுச் சாப்பாட்டைப் பரிமாறினார்கள். அவர் வந்த புதிதில் அது ஏழரைக்கு இருந்தது. அவர் சமணர், ஊரார் வாயில் நைனார்; விளக்கு வைத்தபின் அவர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குமுன் அவர் வீடு போயாக வேண்டும். "ராத்திரிச் சோத்தையும் ஒரு தடவ பாக்கணும், நேரந்தான் ஒத்துவரல" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அடுத்த முறை நாலரைக்கே தட்டு வந்தது. தமக்குக் காட்டிய மரியாதை என்று அன்றைக்கு மனம் குளிர்ந்துபோனார்.

"கெளம்பலியா நைனாரே? பொழுது சாயுது, ஊட்டுல தேடப் போறாங்க" என்றாள் பூவாயி. அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"நீ ஏன் சாப்டல?"

"பசிச்சாத்தான? இப்பத்தான மத்தியானம் துன்னோம். சோத்துக்கு முன்னாடியே மாத்திர வேற, கண்ணத் தொறக்க முடியல." சிரித்தாள். "உன் வயித்துக்கு மணியடிச்சா என் வயித்துக்கு இன்னா தெரியும்?"

அவர் கிளம்பவில்லை; ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தார். வார்டைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமியம்மாள், "ஐயா, நேரமாவுதே" என்று தவித்துக்கொண்டே தட்டுகளை எடுத்தாள். கழிவு வாளி நிரம்பியது. இன்னொரு வாளி கொண்டுவந்தாள். ஏழு மாதமாக அவர் பரிமாறுவதைத்தான் பார்த்திருந்தார். எடுப்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"தெனமுமா நாலரைக்கு?"

"நீங்க எந்த நாளு வருவீங்கன்னு தெரியாதுங்களே. அதான் தெனமும். ஏழு எட்டு மணிக்குப் பசின்னு கத்துங்க. அதுக்குள்ள ராஜாம்பா அடுப்ப அணச்சுட்டு வல்லத்துல ஊட்டுக்குப் போயிடும். அப்புறம் காலைல எட்டுக்குத்தான் கஞ்சி."

பதினைந்தரை மணி நேரம். விளக்கில் விழும் பூச்சி சோற்றோடு சேர்ந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக அவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் காத்த விரதம் அது.

"இனிமே ஏழரைக்குப் போட்டா துன்னுவியா பூவாயி?"

"விருத்தாம்பா கேட்டுக்கினே கெடந்துச்சு. யாரும் குடுக்கல." பூவாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்கு இப்பல்லாம் பசியே வர்றதில்ல நைனாரே."

அவர் பார்வையாளர் புத்தகத்தைத் திறந்தார். மேலே ஏழு தடவை, அவருடைய கையெழுத்திலேயே, 'உணவு திருப்தி' என்றிருந்தது. வெளியே மலைமேல் வெளிச்சம் போய்விட்டது; இனி அவருக்கும் காலையில்தான் சாப்பாடு. எழுதினார்:

'என் பேச்சால் இரவுச் சாப்பாடு நாலரைக்கு மாறியது. இவர்கள் இளைப்பதற்கு அதுவே காரணம். இனி ஏழரைக்குப் பரிமாற வேண்டும். அதுவரை அடுப்பு அணையக் கூடாது. மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. பார்வையாளர் தம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, தட்டை எடுக்கும்போது பார்க்க வேண்டும்.'