இடது கதவில் ஒரு பனியன்

சின்னவளின் அறையில் இரண்டு பொருள்களை யாரும் தொடக்கூடாது. ஒன்று, இடது சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் மர அலமாரி. அதை அசைத்தால் கதவு கழன்று விழும். இன்னொன்று, மேசைமேல் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றை அசைத்தால் சின்னவளே கழன்று விழுந்துவிடுவாள்.

அந்த அறையில்தான் 'குடை மறந்த நாள்' ஆல்பம் பிறந்தது. மொத்தம் எட்டுப் பாட்டு. எழுதி, மெட்டமைத்து, பாடியவள் சின்னவளின் கல்லூரித் தோழி. தோளைத் தொடும் காதணி இல்லாமல் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். அது மைக்கில் கலகலவென்று விழும். "முதல்ல அந்தத் தொங்கட்டானைக் கழட்டு" என்று தினமும் சொல்லிச் சொல்லி, அவள் பெயரே தொங்கட்டான் என்று ஆகிவிட்டது. அவள் பாடுவதைப் பதிவுசெய்து, வாத்தியங்களோடு கலந்து, காதுக்கு இதமாக ஆக்கிக் கொடுப்பது சின்னவளின் வேலை. சின்னவளுக்கு இதுதான் முதல் ஆல்பம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ குறையுதுடி" என்றாள் சின்னவள் ஒரு மத்தியானம்.

"என்ன குறையுது? என் அழகா?"

"தரை குறையுது. நீ பாட்டுக்கு மேலேயே பறந்துட்டு இருக்கே. கீழ கால் வைக்க ஒரு இடம் வேணாமா?"

அப்போது சின்னவளின் அக்கா துவைத்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டுக்கு அடியில், தன்னை மறந்து, கனமாக ஒரு முனகல் போட்டாள். மழை வருவதற்கு முன் தூரத்தில் உருளும் இடி பாட்டுப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"என்ன? ஏன் பேயறைஞ்ச மாதிரி பாக்கறீங்க?" என்றாள் அக்கா, கையில் தலையணை உறையோடு.

அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மைக்கில் டோக்கன் எண் கூப்பிடுவாள். நாளெல்லாம் மைக்கோடு குடித்தனம் நடத்தினாலும் பாட்டு என்றால் பத்தடி தள்ளி நிற்பாள். பள்ளிக்கூடத்துப் பாட்டுக்குழுவில் டீச்சர் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "உன் குரல் கட்டை. நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷம் அக்கா சத்தம் வராமல் வாயை அசைத்தாள். பரிசளிப்பு விழாப் படங்களில் எல்லோரையும்விட அழகாக வாயைத் திறந்திருப்பவள் அவள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்கு அந்த டீச்சரின் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓட வேண்டும்போல இருக்கும்.

இரண்டு நாள் கெஞ்சலுக்குப் பிறகு அக்கா இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"என் குரல் தனியாக் கேக்கக்கூடாது. சுவருக்குள்ள செங்கல் மாதிரி இருக்கணும். பேரும் போடக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமாக்கா."

"நான் அதைக் கேக்கவும் மாட்டேன். என் குரலை நானே கேட்டா எனக்குக் காது கூசும்."

எட்டுப் பாட்டுக்கும் அக்கா அடிக்குரல் பாடினாள். அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடினாள். எதிரொலி வராமல் இருக்க அதுதான் தோதான இடம். அந்தக் குரலைச் சின்னவள் பாட்டின் இடது பக்கத்தில், இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும்படி, மெல்லிய நூலாக வைத்தாள்.

பாட்டு சரியாகக் கலந்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது மாமாவின் டாக்ஸி. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இருபது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறார். சின்னவள் முன்சீட்டில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். மாமா பயணிகளிடம் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பார். கால் தட்டினால் தேர்ச்சி. போனை எடுத்தால் தோல்வி.

"பின்சீட்டு ரெண்டு தடவை தலையாட்டுச்சு. மூணாவது தடவை ஆட்டினது குழியில விழுந்ததால. அதைக் கணக்குல சேக்காதே" என்பார்.

கடைசி மாதத்தில்தான் வம்பு தொடங்கியது. டாக்ஸியில் அக்காவின் குரல் கேட்கவே இல்லை. சின்னவள் வீட்டுக்குப் போய் அதைக் கொஞ்சம் ஏற்றினாள். டாக்ஸியில் அப்போதும் இல்லை. இன்னும் ஏற்றினாள். அறையில் கேட்டால் இடது பக்கம் தூக்கலாக இருந்தது. டாக்ஸியில் கேட்டால் அளவாக, சுவருக்குள் செங்கலாக இருந்தது. ஹெட்போனும் தூக்கல் என்றுதான் சொன்னது. ஆனால் அது தொங்கட்டான் ஒருமுறை மேலே உட்கார்ந்து எழுந்த ஹெட்போன்.

"யாரை நம்பறது மாமா?"

"உன் ரூம்ல எத்தனை பேர் பாட்டுக் கேக்கப் போறாங்க? ஊர் பூரா வண்டியிலதான் கேக்கும். அந்த அலமாரி சத்தத்தைத் திருப்பி உன் மூஞ்சியில அடிக்குது, அதான் விஷயம்."

அதுவும் சரி என்று பட்டது. பழியெல்லாம் அலமாரி தலையில் விழுந்தது. கடைசிப் பாட்டைச் சோதித்த அன்று, இறங்கவேண்டிய இடம் வந்த பிறகும் ஒரு பயணி கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "இருங்க, பாட்டு முடியட்டும்" என்றார். மாமா சின்னவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அதைவிடப் பெரிய மதிப்பெண் அந்த டாக்ஸியில் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை ஆல்பம் இணையத்தில் வெளியானது. பத்து மணிக்குத் தொங்கட்டான் போன் செய்தாள்.

"அடியே, என் ஆல்பத்துல நான் எங்கடி?"

"என்ன சொல்றே?"

"இப்பத்தான் புது இயர்போன்ல கேட்டேன். வலது காதுல நான் மட்டும் பாடறேன். இடது காதுல உங்கக்கா என் தோள்மேல கை போட்டுக்கிட்டு கூடவே பாடறாங்க. செங்கல்னு சொன்னே, இங்க முழு வீடே நிக்குதே!"

சின்னவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்து வீட்டில் நல்லதொரு ஹெட்போனைக் கடன் வாங்கிக் கேட்டாள். தொங்கட்டான் சொன்னது அத்தனையும் உண்மை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"மாமா, இடது பக்க ஸ்பீக்கருக்கு என்ன ஆச்சு?"

"அதுவா? போன மாசம் கதவு தடதடன்னு ஆடுச்சு. பாசஞ்சர் பயந்துட்டாங்க. நானே பிரிச்சுச் சரி பண்ணிட்டேன்" என்றார் மாமா பெருமையாக.

"எப்படிச் சரி பண்ணீங்க?"

"என் பழைய பனியன் ரெண்டை மடிச்சு முன்னாடி திணிச்சேன். இப்ப பாரு, சத்தமே வராது!"

சின்னவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டுப் பாட்டையும் அவள் மாமாவின் பனியனுக்கு ஏற்றபடி கலந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலத்துக்குள், அக்காவின் குரலைப் பழையபடி நூலாக இறக்கி, எட்டுப் பாட்டையும் திருத்திவிட்டாள். ஒரு பட்டனை அழுத்தினால் பழையது போய்ப் புதியது வந்துவிடும். ஆனால் தொங்கட்டான் தடுத்தாள்.

"அழுத்தாதே. எனக்கு முதல்ல பொறாமையாத்தான் இருந்துச்சு, மறைக்கலை. நாலு தடவை கேட்டேன். என் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஆனா சத்தியம் பண்ணினது நீ. அக்காகிட்டக் கேளு."

கேட்கத்தான் வாய் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா துணி மடித்தாள், சின்னவள் சுவரைப் பார்த்தாள். வெளியே ஆல்பம் காட்டுத்தீயாகப் பரவியது. முடிதிருத்தும் கடையில் பாடியது, மாடிப்படி கழுவும் பெண்ணின் இடுப்பிலிருந்த போனில் பாடியது. பஸ்ஸில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஒரே இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை போட்டதைச் சின்னவள் கண்ணாலேயே பார்த்தாள். "நேத்தும் நீதானே இடது காது எடுத்துக்கிட்டே! இன்னிக்கு எனக்குக் குடு!" இணையத்தில் ஆல்பத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள்: கீழே பாடுவது யார்?

திங்கட்கிழமை மத்தியானம், திருத்திய பாட்டுகளைப் போனில் வைத்துக்கொண்டு, சின்னவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்கா வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே பட்டனை அழுத்திவிடுவது என்று முடிவு. ஊர் கொண்டாடும் குரலைத் தன் விரலாலேயே அணைக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அக்காவை இன்னொரு தடவை கடைசி வரிசையில் நிறுத்தியவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டாம். அக்காவைக் கேட்காமல் முன்வரிசைக்கு இழுத்துவந்தவள் என்ற பெயரும் வேண்டாம்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்பது பேர். பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் கட்டு.

"டோக்கன் அறுபத்தி மூணு. மூணாம் நம்பர் ரூம்" என்றது அக்காவின் குரல்.

முதல் வரிசையிலிருந்த ஒரு தையல்காரம்மா நிமிர்ந்தார். கண்ணில் கட்டு, மடியில் போன். "ஏம்மா, அந்தக் குடைப் பாட்டுல கீழ பாடறது நீதானே?"

கண்ணாடிக்குப் பின்னால் அக்கா சிரித்தாள். "நான் இல்லைம்மா. வேற யாரோ."

"எனக்குக் கண்ணைத்தான் கட்டியிருக்காங்க, காதைக் கட்டலை. ஒரு வாரமா இங்க உன் குரலைக் கேக்கறேன், மூணு நாளா வீட்டுல அந்தப் பாட்டைக் கேக்கறேன். எனக்கா தெரியாது?"

அவர் போனைத் தடவிப் பாட்டைப் போட்டுவிட்டார். சின்னவளுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. கூடம் அடங்கியது. தொங்கட்டானின் குரல் மேலே பறக்க, அதன் கீழே அக்காவின் குரல் அகலமாக, அவசரமில்லாமல், நடந்து வந்தது. அக்காவின் சிரிப்பு நின்றது. தன் குரலைத் தானே கேட்டு அவள் காதைப் பொத்திக்கொள்ளப் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். அக்கா பொத்தவில்லை. கையில் பேனாவோடு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

மூன்றாம் நம்பர் அறைக் கதவு திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "அறுபத்தி மூணு யாருங்க? வரலையா?"

பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "இருங்க டாக்டர், பாட்டு முடியட்டும்."

பாட்டு முடிந்தபோதுதான் அக்கா சின்னவளைக் கவனித்தாள். "உள்ள வா" என்றாள்.

சின்னவள் தடுப்புக்குள் போனாள்.

"சத்தியம் பண்ணினியா இல்லையா?"

"பண்ணினேன்கா."

"அப்புறம்?"

"மாமாவோட பனியன்கா."

"பனியனா? பனியன் என்னடி பண்ணுச்சு?"

சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கதவு ஆடியது, பனியன் உள்ளே போனது, அலமாரி பழி சுமந்தது எல்லாம். சொல்லிமுடித்ததும் வெளியே கூடமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"மைக்கு ஆன்ல இருக்கும்மா!" என்று கத்தினார் தையல்காரம்மா.

அக்கா படக்கென்று அதை அணைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அது கோபமா வேறொன்றா என்று சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"திருத்தி வச்சிருக்கேன்கா. இப்பவே மாத்திடலாம். ஒரு பட்டன்தான். நீ சொல்லு."

அக்கா அந்தப் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"ரெண்டாவது சரணத்துல, கடைசி வரியில, நான் சுருதியிலேர்ந்து லேசா நழுவறேன். கவனிச்சியா?"

"இல்லையேக்கா..."

"கவனிக்கலையா? நீயெல்லாம் என்ன பாட்டு கலக்கறவ? இத்தனை பேர் கேக்கற பாட்டு. அந்த ஒரு வரியை மட்டும் ஞாயித்துக்கிழமை திரும்பப் பாடித் தரேன். அப்புறம் அந்தக் கண்ணைத் துடை, டாக்டர் பாக்கறார்."

"பேரு?"

"போடு. முழுப் பேரையும் போடு. எழுத்துப் பிழை இல்லாம."

சின்னவள் வெளியே வந்து, அக்காவின் வேலை முடியும்வரை காத்திருக்க உட்கார்ந்தாள். அக்கா மைக்கை மறுபடி இயக்கித் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டோக்கன் அறுபத்தி மூணு. பாட்டு முடிஞ்சிருச்சு, எழுந்திருங்க."

இருவரையும் அழைத்துப்போக மாமா சாயங்காலம் டாக்ஸியோடு வந்திருந்தார், குற்றவாளி முகத்தோடு. "பனியனை எடுத்துடறேன்மா" என்றார்.

"அதுல கை வச்சீங்கன்னா பாருங்க" என்றாள் அக்கா, இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டே.