நிலவுச் சுரங்கமும் எங்கள் தொட்டியும்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கள் ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் எல்லா டிரம்மும் நிற்கும். ஆண்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும் மெயின் சுவிட்சை அணைப்பது ஷிப்ட் இன்சார்ஜான என் வேலை. அன்றும் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டு அறைக்கு வந்து இயர்போனை மாட்டினேன். பின்னால் கழிவுத் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்கிய டேனியல் இருந்தான். அவனுக்குக் காற்றடிக்கும் புளோயரும் அதே மெயினில்தான் ஓடுகிறது. எனக்கு அது நினைவிலேயே இல்லை, பாவி!

ஒரு வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். நிலவில் ஒரு சுரங்கம், நாம்தான் மேலாளர். ஆட்கள் கோரமாகச் சாவதால் பெரியவர்களுக்கு மட்டும். நிறை: ஆக்சிஜன் கணக்கு அபாரம், மூச்சு குறைந்தால் நமக்கே நெஞ்சு அடைக்கிறது. குறை: எந்த வேலையாளும் 'மாட்டேன்' என்பதே இல்லை. ஒருவன் செத்தால் மூன்று நொடியில் அடுத்தவன் வந்துவிடுகிறான். இது என்ன நிர்வாகம் என்று காரமாகவே தட்டினேன்.

துரைசாமி வந்து கதவை இடித்தார். தொட்டி மேலே கயிறு பிடித்து நிற்கவேண்டியவர்.

"மேடம், காத்து நின்னுப்போச்சி! டேனியலு கூப்ட்டா பேசமாட்றான்!"

ஓடினேன். தொட்டி வாயில் அழுகிய முட்டை நாற்றம். டேனியலின் இடுப்புக் கயிறு உள்ளே ஏதோ குழாயில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. துரைசாமி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"நான் எறங்கறேன். சொல்லுங்க மேடம்."

'போங்க' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஒரு மாதமாக அந்த விளையாட்டில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். இந்த வாயுவில் இரண்டாவதாக இறங்குகிறவனும் சாவான் என்று தெரிந்தவள் நான். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்குனா நீங்களும் போய்டுவீங்க. கயித்த விடாதீங்க!"

மெயினைப் போட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினேன். புளோயர் உறுமியது. கயிற்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கம் போய் இருவரும் இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் விடுபட்டது, அவனை மேலே தூக்கிப் போட்டோம்.

டேனியலின் உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அது வருவதற்குள் வாந்தியெடுத்துக் கண் திறந்தான்.

"கரண்ட் போச்சா மேடம்?"

துரைசாமி முந்திக்கொண்டார். "ஆமாண்டா. மேடம்தான் ஓடிப்போயி ஜெனரேட்டர் போட்டாங்க. இல்லன்னா நீ காலி."

டேனியல் என் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

"கரண்ட் போகல டேனியல். நீ உள்ள இருக்கறத மறந்துட்டு மெயின நான்தான் ஆஃப் பண்ணேன்."

அவன் என் கையை விட்டுவிட்டான்.