கத்திரி கழியட்டும்

ஓடு ஆகாது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. ஓட்டைத் தாங்க மரம் வேண்டும், மரத்தை இழைக்க ஆசாரி வேண்டும். கோழி நிற்கிற கொட்டகைக்கு அவ்வளவு செய்ய இருசம்மாள் என்ன மிராசுதார் வீட்டுப் பெண்ணா? சிமெண்டு அட்டை போடலாம் என்றால், பூலாம்பாடிப் பாதையில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் பாதி வழியிலேயே உடையும். தென்னங்கீற்றை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மிச்சம் இருந்தது தகரம்தான்.

போன ஐப்பசியில் கரும்புச் சோகை போட்டிருந்த பழைய கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மூன்று நாள் மழையில் அத்தனை கோழியும் விறைத்துச் செத்தன. அந்த மூன்று நாளும் மகள் மலர்கொடி ஓர் உரச்சாக்கைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயசுப் பெண் வேறென்ன செய்வாள், பாவம்.

கோழி போனதும் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாகிவிட்டது. அடுத்த மாதம் மலர்கொடியைத் திருச்சியில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்த்துக்கொள்ளக் கொண்டுபோய் விட்டார்கள். நாலாவது படித்துக்கொண்டிருந்தவள்.

"பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன் சாமி. புதுக் கோழி முட்டை போட ஆரம்பிச்சுட்டா போதும்" என்று சொல்லித்தான் இருசம்மாள் மகளின் பிடியிலிருந்து சேலையை விடுவித்துக்கொண்டு வந்தாள். ஜூன் வரைக்கும் பேரை அடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று வாத்தியாரும் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரால் முடியாதாம்.

அப்புறம் வாங்கி வளர்த்ததுதான் அந்த இருபத்தாறு வெள்ளைக்கோழிகள். அவை நிலைத்தால் மகள் வீட்டுக்கு வருவாள், இல்லையென்றால் இல்லை. இதில் சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை.

புருஷன் வீரமுத்து ரோடு போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸைப் பிரித்தபோது அதன் பழைய தகரங்களைச் சல்லிசாக வாங்கி வந்தான். தகரம் முழுக்க ஆணி ஓட்டை. அதற்கென்ன, வேலையிடத்தில் மிஞ்சிய தார் இருந்ததே. ஓட்டையை மட்டும் அடைத்திருந்தால் போதும். மனுஷன் மேல்பக்கம் முழுவதையும் கன்னங்கரேலென்று மெழுகி வைத்தான்.

"துரு கிட்ட வராது புள்ள. நம்ம காலம் முடிஞ்சும் கெடக்கும்" என்றான்.

ஆடிக் காற்று தூக்கிவிடக் கூடாது என்று கூரையைத் தாழ இறக்கிக் கட்டினான். ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். மாசியில் ஒரு நாள் தூறல் போட்டபோது இருசம்மாள் உள்ளே போய்க் குந்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஐப்பசிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பங்குனி கடைசியில் கோழிகள் முட்டை போட ஆரம்பித்தன. சித்திரை பிறந்ததும் தார் இளகி நாற்றமடித்தது. பெரம்பலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முட்டை வாங்க வந்த வியாபாரி நல்லுசாமி உள்ளே தலையை விட்டவர், உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

"அடுப்புக்குள்ள வச்சிருக்கீங்களேம்மா. தகரத்து மேல முக்கால் அடி ஒசரத்துக்குச் சோகை போடுங்க. இல்லாட்டி ஒண்ணும் மிஞ்சாது."

வீரமுத்து அலைந்து திரிந்து எறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிச் சோகைக்குச் சொல்லிவிட்டு வந்தான். சித்திரை இருபதுக்குள் வர வேண்டிய வண்டி. மாட்டுக்குக் கால் நொண்டி, இருபத்திரண்டில் வந்தது. கத்திரி பிறந்தது இருபத்தொன்றில்.

இருசம்மாள் முதல் சோகைக் கட்டைத் தூக்கித் தகரத்தில் சாத்தினாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னாடி காரியம் பண்ணுற? கத்திரியில யாராச்சும் கூரையில கை வப்பாங்களா? வீட்டுப் புள்ளைக்கு ஆகாதுடி. பொம்பளப் புள்ளய வெளியூர்ல வுட்டுருக்க. அதுக்கு ஒண்ணுன்னா ஓடிப்போய்ப் பாக்கக்கூட முடியாதேடி."

கொளஞ்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மலர்கொடிக்குத் தலை பின்னி விட்டவள் அவள். இருசம்மாள் சாத்திய கட்டை இறக்கிக் கீழே வைத்தாள்.

"கத்திரி கழியட்டும். இருவத்தஞ்சு நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இரு" என்றான் வீரமுத்து.

அன்றைக்கே ஏற்றியிருக்கலாமே என்று இப்போது யாரும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுப் பெண் யாரும் அன்றைக்குத் திருச்சியில் இல்லை.

சோகை வேலியோரம் குவிந்து கிடந்தது. நாலாம் நாள் மூன்று கோழி செத்தது. அவள் சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டாள். கிணற்றில் குடிக்கவே தண்ணீர் இல்லை, சாக்கு ஒரு நாழிகையில் காய்ந்து மொடமொடத்தது. வெளியே திறந்துவிட்டுப் பார்த்தாள். வெள்ளைக்கோழிக்கு ஓடி ஒளியத் தெரியாது, இரண்டை நாய் கவ்விக்கொண்டு போனது. அப்புறம் தினமும் ஒன்று, ஒரு நாள் நாலு. செத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வரும்போதெல்லாம் அந்தச் சோகைக் குவியலைத் தாண்டித்தான் அவள் வர வேண்டியிருந்தது. இரண்டு தடவை கட்டைத் தூக்கவும் தூக்கினாள். மகளுக்குக் காய்ச்சல் கண்டது போல மனசில் ஒரு நினைப்பு ஓடும், உடனே கீழே போட்டுவிடுவாள்.

கத்திரி கழிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தகரத்தின் மேல் ஏறிச் சோகையைப் பரப்பி, கயிறு போட்டுக் கட்டினாள். இறங்கிக் குனிந்து உள்ளே போனபோது குளுகுளுவென்று இருந்தது. மூன்று கோழிகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. அவையும் முட்டையை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீரமுத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. கூரை துளிகூட ஒழுகவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது அவள் திருச்சிக்குப் பஸ் ஏறினாள். பேரை அடித்துவிடும்படி வாத்தியாரிடம் முதல் நாளே சொல்லியாகிவிட்டது. இந்த வருஷம் வர முடியாது என்று மகளிடம் எப்படிச் சொல்வது என்பதை வழி நெடுக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மலர்கொடி இடுப்பில் அந்த வீட்டுக் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். வாம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

"கூரை ஒழுவுதாம்மா?"

"இல்ல சாமி. ஒரு சொட்டு ஒழுவல."

அது பொய்யில்லை. அடுத்த பேச்சை எடுக்க இருசம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் மலர்கொடிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இரும்மா. துணியெல்லாம் பையில போட்டுத்தான் வச்சிருக்கேன்" என்று குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

குழந்தை புதுமுகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தது. இருசம்மாள் அதைத் தட்டிக்கொடுத்தபடி வாசலிலேயே நின்றாள். மலர்கொடி பையோடு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "போலாம்மா" என்றாள்.